பேக்பைப் சத்தம் கேட்கிற கடைக்குள் சாப்பிடப் போகாதீர்கள்

ஏப்ரல் பிறந்தால் போதும், எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி வர ஆரம்பித்துவிடும். "ஸ்காட்லாந்து வர்றோம்டா, அந்த ஊர்ச் சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?" கிளாஸ்கோவில் நான்கு வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி எனக்கும் அலுத்துவிட்டது. இனிமேல் கேட்பவர்களுக்கு இந்தப் பதிவைத் தட்டிவிட்டு நான் பாட்டுக்கு இருப்பதாக உத்தேசம்.

முதலில் நான் ஏமாந்த கதை. எடின்பரோ கோட்டையிலிருந்து கீழே இறங்குகிற ராயல் மைல் தெரு, போய் இறங்கிய முதல் வாரம், நல்ல பசி. வாசலில் ஒருவர் கட்டம் போட்ட கில்ட் பாவாடை கட்டிக்கொண்டு பேக்பைப் என்கிற அந்த ஊர்த் தோல்பை வாத்தியத்தை ஊதுகிறார், கதவில் ஆறு மொழியில் மெனு ஒட்டியிருக்கிறது, உள்ளே சுவர் முழுக்க வாளும் கேடயமும். இதைவிட அசல் ஸ்காட்லாந்து கிடைக்குமா என்று நினைத்து உட்கார்ந்தேன். வந்தது ஹேகிஸ் கோபுரம் (ஹேகிஸ் என்பது ஆட்டின் உள்ளுறுப்புகளைக் கொத்திச் செய்கிற ஸ்காட்லாந்துப் பண்டம், விவரம் பின்னால்). அடியில் உருளைக்கிழங்கு மசியல், நடுவில் மஞ்சள் நிறத்தில் இன்னொரு மசியல், உச்சியில் ஹேகிஸ், மூன்றையும் ஒரு வளையத்துக்குள் அமுக்கி எடுத்து, சுற்றிலும் விஸ்கி க்ரீம் சாஸ் ஊற்றி, மேலே ஒரு கொத்து இலை. முள்கரண்டியை விட்டுப் பார்த்தால் நடுப்பகுதி சில்லென்று இருந்தது. மைக்ரோவேவ் சூடு ஓரத்தோடு நின்றுவிட்டது போல. அந்தக் கோபுரத்துக்கு நான் கொடுத்த காசில் பிற்பாடு கிளாஸ்கோவில் மூன்று வேளை சாப்பிட்டிருக்கிறேன். கடை பெயர் வேண்டாம், விடுங்கள். அந்தத் தெருவில் அதைப் போல இன்னும் சில இருக்கின்றன.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு கடை தன்னை ஸ்காட்டிஷ் என்று எவ்வளவு உரக்கச் சொல்லிக்கொள்கிறதோ, அந்த அளவுக்கு உள்ளே உள்ளூர்க்காரர்கள் குறைவாக இருப்பார்கள். அவர்கள் சாப்பிடுகிற இடத்தில் டார்ட்டன் என்கிற கட்டம் போட்ட துணியும் இருக்காது, மான் தலையும் அநேகமாக இருக்காது. கறுப்புப் பலகையில் சாக்பீஸால் அன்றைய சூப் என்ன, அன்றைய மீன் என்ன என்று எழுதியிருக்கும். இரண்டு எழுத்து அழிந்துகூட இருக்கும். நான் முதலில் பார்ப்பது அந்த சூப்பைத்தான். சூப் ஒழுங்காக இருக்கிற பப்பில் மற்றதும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். அது குளிர் நாடு, சூப்பில் ஏமாற்றினால் உள்ளூர்க்காரன் மறுநாள் வரமாட்டான்.

சரி, ஹேகிஸ். இதைக் கேட்காமல் யாரும் விடமாட்டீர்கள். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் வேகவைத்துப் பொடியாகக் கொத்தி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, உப்பு, மிளகு எல்லாம் சேர்த்து, அந்தக் காலத்தில் ஆட்டின் இரைப்பைக்குள் அடைத்து மறுபடி வேகவைப்பார்கள். இப்போது பெரும்பாலும் கடையில் விற்கிற செயற்கை உறைதான். கேட்பதற்கு ஒரு மாதிரி இருக்கும். ஆனால் குடல் குழம்பும் ஈரல் வறுவலும் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு இதில் அதிர்ச்சி அடைய என்ன இருக்கிறது? மிளகுக் காரம் தூக்கலாக, ஓட்ஸ் பல்லில் லேசாகக் கடிபட, உதிரியாக இருக்க வேண்டும். களி மாதிரி ஒட்டினால் அது நல்ல ஹேகிஸ் இல்லை. கூட வருகிற இரண்டு மசியலுக்கு நீப்ஸ், டாட்டீஸ் என்று பெயர். டாட்டீஸ் உருளைக்கிழங்கு. நீப்ஸ் என்றால் டர்னிப், ஆனால் தட்டில் வருவது வெள்ளை டர்னிப் இல்லை, மஞ்சளாக இருக்கிற வேறொரு கிழங்கு. இங்கிலாந்தில் அதற்கு ஸ்வீட் என்று பெயர் (நம் இனிப்பு ஸ்வீட் இல்லை), ஸ்காட்லாந்தில் அதையே டர்னிப் என்பார்கள். இந்த ஒரு காயை வைத்து இரண்டு நாட்டுக்காரர்களும் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 25 ராபர்ட் பர்ன்ஸ் என்கிற கவிஞரின் பிறந்தநாள். அன்று ராத்திரி நாடு முழுக்க ஹேகிஸ் விருந்து. அவர் 1786 வாக்கில் ஹேகிஸைப் பார்த்தே ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே கத்தியை ஓங்கி ஹேகிஸின் வயிற்றைக் கிழிப்பார்கள், ஆவி குபுகுபுவென்று வரும். அதற்கு முன்னால் பேக்பைப் ஊதித்தான் அதைச் சபைக்கு அழைத்து வருவார்கள். ஆக, என் தலைப்புக்கு அந்த ஒரு நாள் விதிவிலக்கு. அந்த வாரம் அங்கே இருந்தால் எந்தப் பப்பானாலும் முன்கூட்டி இடம் சொல்லிவையுங்கள்.

சைவக்காரர்களுக்கு இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது, இதைப் பல பேர் நம்புவதில்லை. ஹேகிஸில் சைவமும் உண்டு. எடின்பரோவைச் சேர்ந்த மெக்ஸ்வீன் என்கிற ஹேகிஸ் கம்பெனி 1984இல் செய்ய ஆரம்பித்தது. பருப்பு, பீன்ஸ், ஓட்ஸ், கேரட், விதைகள் எல்லாம் சேர்ந்த கலவை. இப்போது பப்புக்குப் பப்பு கிடைக்கிறது. என் மனைவியின் பெரியம்மா வந்திருந்தபோது, முட்டை கூடத் தொடாதவர், கிளாஸ்கோவில் ஒரு பப்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் வெறும் காபி குடிச்சுக்கறேன், நீங்க சாப்பிடுங்கப்பா" என்றவரை வற்புறுத்தி ஒரு வாய் சாப்பிடவைத்தோம். மென்று பார்த்துவிட்டு, "இது மசால்வடைய உதுத்துப் போட்ட மாதிரில்ல இருக்கு" என்றார். தட்டு காலி. ஆனால் கூட ஊற்றுகிற கிரேவி சைவமா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வோம். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அது எலும்பு ரசத்தில் கொதித்ததா என்று கேளுங்கள். சிப்ஸ் (அங்கே விரல் மாதிரி நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு) கூடச் சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கிளாஸ்கோவில் இன்னொரு கூத்தும் உண்டு: ஹேகிஸ் பக்கோடா. ஹேகிஸை உருட்டிக் கடலைமாவில் தோய்த்துப் பொரித்து, பக்கத்தில் ஒரு சிவப்பு சாஸ் வைத்துத் தருவார்கள். இந்திய, பாகிஸ்தானிய உணவகங்களிலிருந்து கிளம்பிச் சாதாரண பப் மெனு வரைக்கும் வந்துவிட்டது. ஹேகிஸைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு நான் முதலில் வாங்கிக் கொடுப்பது இதைத்தான். பக்கோடா என்று ஆகிவிட்டால் நம் ஆட்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள்.

எடின்பரோவில் எங்கே போகலாம்? ஒரே ஒரு இடம் சொல் என்றால் டடிங்ஸ்டனில் இருக்கிற ஷீப் ஹீட் இன். பெயருக்கு ஆட்டுத்தலை விடுதி என்று அர்த்தம். 1360லிருந்து இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறார்கள், அது எந்த அளவுக்கு நிஜமோ, பழசு என்பது மட்டும் நிச்சயம். ஒரு காலத்தில் இங்கே ஆட்டுத்தலைக் குழம்பு பிரசித்தம். இப்போது மெனுவில் அதைத் தேடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டும் பப் சாப்பாடும்தான். ஆனால் அங்கே போகிற வழி இருக்கிறதே, ஹோலிரூட் பூங்காவுக்குள் நுழைந்து ஆர்தர்ஸ் சீட் குன்றைச் சுற்றி நடந்து, ஏரியைப் பார்த்துக்கொண்டே அந்தக் குட்டிக் கிராமத்துக்குள் இறங்கினால், பெரிய நகரத்துக்குள்தான் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். பின்பக்கம் ஸ்கிட்டில்ஸ் விளையாடுகிற ஒரு பழைய ஓடுதளம் இருக்கிறது, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற விளையாட்டு. மழையில் நனைந்து நடந்துபோய் அங்கே உட்கார்ந்தால் எதைக் கொடுத்தாலும் ருசிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஊருக்குள்ளேயே என்றால் கஃபே ராயல். வேவர்லி ரயில் நிலையத்துக்குப் பக்கம், விக்டோரியா காலத்துக் கட்டடம், நடுவில் தீவு மாதிரி வட்டமான பார், சுவரில் ஜேம்ஸ் வாட், ஃபாரடே மாதிரி கண்டுபிடிப்பாளர்களை வரைந்த பெரிய டோல்ட்டன் கம்பெனி பீங்கான் ஓட்டுப் படங்கள். சிப்பி இங்கே விசேஷம். பச்சையாகச் சிப்பி சாப்பிட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, அந்த ஓடுகளைப் பார்ப்பதற்காகவே போவேன். போ பார் என்று விக்டோரியா தெரு ஓரத்தில் ஒன்று இருக்கிறது, மேல்தட்டு வரைக்கும் விஸ்கி பாட்டில், சாப்பிட பை என்கிற, மாவுக்குள் கறி வைத்த பண்டம், அதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் இல்லை. பாட்டு கேட்க வேண்டுமானால் சாண்டி பெல்ஸ். அங்கே பிடிலும் கிட்டாரும் எடுத்து வந்து மூலையில் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் நமக்காக வாசிப்பதில்லை, அவர்கள் பாட்டுக்கு வாசிப்பார்கள். கைதட்டலாம், குறுக்கே போட்டோ எடுக்காதீர்கள். கொஞ்சம் செலவு செய்து நல்ல மேசையில் உட்கார்ந்து சாப்பிட ஆசை என்றால் டாம் கிச்சின் நடத்துகிற ஸ்க்ரான் அண்ட் ஸ்காலி, ஸ்டாக்பிரிட்ஜ் பக்கம். மிஷலின் நட்சத்திரம் வாங்கிய சமையற்காரர், ஆனால் இது அவருடைய பப். நட்சத்திர விலை இல்லை, மலிவும் இல்லை. முன்பதிவு செய்யாமல் போய் நான் ஒரு தடவை திரும்பி வந்திருக்கிறேன்.

கிளாஸ்கோ எனக்குப் பிடித்த ஊர், அதனால் பாரபட்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ட்ரூரி தெருவில் ஹார்ஸ்ஷூ பார். குதிரை லாட வடிவத்தில் சுற்றி வருகிற பார், பிரிட்டனிலேயே நீளமானவற்றில் ஒன்று என்று பெருமையாகச் சொல்வார்கள். அங்கே பை சாப்பிடுங்கள். தோளில் மாட்டுகிற பை இல்லை, இது மாவுக்குள் கறி வைத்த பை. ஸ்காட்ச் பை என்பது உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக, கெட்டியான மாவு ஓட்டுக்குள் மிளகு போட்ட ஆட்டுக்கறிக் கைமா வைத்து மூடியது. கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும்: மூடி ஓரத்தைவிட ஒரு அரை அங்குலம் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும், நடுவில் ஆவி போக ஒரு ஓட்டை. அந்தக் குழி சும்மா இல்லை, அதில்தான் கிரேவியோ பீன்ஸோ உருளைக்கிழங்கு மசியலோ ஊற்றிக்கொள்வது. தட்டும் அதுவே கிண்ணமும் அதுவே. கால்பந்து மைதானத்தில் கையில் வைத்துக் கடிப்பார்கள், கொதிக்கிற கொழுப்பு வழிந்து மணிக்கட்டைச் சுடும். வருடா வருடம் எந்த ஊர் பை நல்ல பை என்று உலகப் போட்டியே வைக்கிறார்கள். ஜெயித்த கறிக்கடைக்காரர்கள் அதைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருப்பார்கள், அந்த ஸ்டிக்கரைப் பார்த்தால் தைரியமாக உள்ளே போங்கள்.

ஹோப் தெருவில் பாட் ஸ்டில் என்று ஒரு விஸ்கி பப், நூற்றுக்கணக்கில் பாட்டில்கள், ஏணி போட்டு ஏறி எடுப்பார்கள். எதைக் குடிப்பது என்று தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், புகை வாசம் பிடிக்குமா, இனிப்புப் பிடிக்குமா, எவ்வளவு செலவு செய்யலாம் என்று கேட்டு எடுத்துத் தருவார்கள். வெட்கப்பட்டு மெனுவில் முதலில் இருப்பதைக் காட்டாதீர்கள். மெர்ச்சண்ட் சிட்டியில் கஃபே கண்டோல்ஃபி, 1979லிருந்து இருக்கிறது, டிம் ஸ்டெட் செதுக்கிய மர மேசை நாற்காலிகள், ஒவ்வொன்றும் ஒரு மரத்தை அப்படியே வளைத்து எடுத்தது மாதிரி. அங்கே ஸ்டோர்னவே பிளாக் புட்டிங் நல்லது. ரத்தம், ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம் சேர்த்த கறுப்பு வட்டம், லூயிஸ் தீவிலிருந்து வருவது, அந்தப் பெயரை வேறு ஊர்க்காரர்கள் பயன்படுத்தக் கூடாது என்று 2013லிருந்து சட்டப் பாதுகாப்பும் உண்டு. ரத்தப் பொரியல் சாப்பிடுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை அறிமுகமே செய்ய வேண்டாம்.

அப்புறம் யூபிக்விட்டஸ் சிப். பெயரைப் பார்த்துச் சிப்ஸ் கடை என்று நினைத்துவிடாதீர்கள். 1971இல் ரோனி க்ளைட்ஸ்டேல் என்பவர் ஆரம்பித்தது. நல்ல சாப்பாடு என்றாலே பிரெஞ்சுச் சாப்பாடு என்றிருந்த காலத்தில், நம் ஊர் மான்கறி, நம் ஊர் மீன், நம் ஊர் ஓட்ஸ் என்று மெனு எழுதினார். இன்றைக்கு ஒவ்வொரு கடையும் மெனுவில் எந்த ஏரி, எந்தப் பண்ணை என்று எழுதுகிறதே, அதை அந்த ஊரில் முதலில் செய்தவர்களில் ஒருவர். மான்கறி ஹேகிஸும் ஓட்ஸ் ஐஸ்க்ரீமும் அங்கே நெடுநாளாக இருக்கிறவை. கீழே உணவகத்தில் விலை கடிக்கும், மாடியில் இருக்கிற பாரில் உட்கார்ந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். ஆஷ்டன் லேன் என்கிற கல் பாவிய சந்தில் இருக்கிறது. ராத்திரி விளக்குத் தோரணத்தோடு பார்க்க அழகு, வெள்ளிக்கிழமை என்றால் கால் வைக்க இடமிருக்காது.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் ஸ்காட்லாந்தில் எனக்கு மறக்காதது கறி இல்லை, மீன். கல்லன் ஸ்கிங்க் என்று ஒரு சூப். மொரே கடற்கரையில் கல்லன் என்கிற ஊரின் பெயர் அதற்கு. புகையிட்ட ஹேடக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால், அவ்வளவுதான் சாமான். பாலில் மீனா என்று முகம் சுளித்தவன்தான் நானும். கிண்ணம் வந்தது, மேலே மெல்லிசாக ஆடை படர்ந்து, அதற்குள் கரண்டியை விட்டால் மீன் இதழ் இதழாகப் பிரிகிறது, உருளைக்கிழங்கில் பாதி கரைந்து பாலைக் கெட்டியாக்கியிருக்கிறது, மீதி பாதி துண்டாக அகப்படுகிறது, விறகடுப்பில் பால் காய்ச்சினால் ஒரு வாசம் வருமே, அந்த வாசம். வெளியே பக்கவாட்டில் மழை. கூட வந்த ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்துவிட்டு இன்னொன்று கேட்டேன். மெனுவில் இது இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். மாவு போட்டுக் கெட்டியாக்கிப் பசை மாதிரி தருகிற இடங்களும் உண்டு, அது உங்கள் நேரம்.

மீனும் சிப்ஸும் வாங்கப் போனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மெனுவில் சப்பர் என்று இருந்தால் சிப்ஸோடு சேர்த்து என்று அர்த்தம், ராத்திரிச் சாப்பாடு இல்லை. ஃபிஷ் சப்பர், ஹேகிஸ் சப்பர், பை சப்பர் எல்லாமே மதியமும் கிடைக்கும். இங்கிலாந்தில் காட் மீனுக்கு மவுசு, இங்கே ஹேடக். இரண்டாவது, எடின்பரோவில் "சால்ட் அண்ட் சாஸ்?" என்று கேட்பார்கள். பழுப்பு சாஸில் வினிகர் கலந்த தண்ணீரான ஒரு திரவம் அது. கிளாஸ்கோவில் உப்பும் வினிகரும்தான். கிளாஸ்கோ நண்பர்கள் முன்னால் நான் ஒருமுறை எடின்பரோ சாஸ் நல்லா இருக்கு என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஃபைஃப் கடற்கரையில் ஆன்ஸ்ட்ரதர் துறைமுகத்து மீன் கடைக்கு எப்போதும் வரிசை நிற்கும், நிற்கலாம், தப்பில்லை. மார்ஸ் சாக்லேட்டை மாவில் தோய்த்துப் பொரிப்பது 90களில் ஸ்டோன்ஹேவனில் தொடங்கியது. நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி ஆளுக்கொரு கடி கடித்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

மேற்குக் கரையில் ஓபன் என்கிற ஊருக்குப் போகிறவர்கள் படகுத்துறையில் பச்சை வண்ணம் அடித்த ஒரு கடலுணவுக் கொட்டகையைப் பார்ப்பீர்கள். நின்றுகொண்டே சாப்பிடுகிற இடம், நண்டு, இறால், மட்டி, எல்லாம் அன்றைக்குப் பிடித்தது. லாங்குஸ்டீன் என்கிற நீளக்கை இறால் அந்தக் கடலில் அள்ள அள்ளக் கிடைக்கிறது, ஆனால் பெரும்பகுதி லாரியில் ஏறி ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போய்விடுகிறது, உள்ளூர்க்காரர்கள் மீன்விரல் வறுவலோடு திருப்திப்படுகிறார்கள் என்று ஒரு மீனவர் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

ஹைலேண்ட்ஸ் என்கிற வடக்கு மலைப்பகுதிப் பக்கம் காரில் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அடுப்பு சீக்கிரம் அணைந்துவிடும். எங்கள் குடும்பம் ஒரு தடவை இரவு எட்டே முக்காலுக்கு மலையடிவாரத்தில் ஒரு விடுதிக்குப் போய்ச் சேர்ந்தது. கோடை, வெளியே பட்டப்பகல் மாதிரி வெளிச்சம், சாப்பாட்டு நேரம் என்றே தோன்றவில்லை. சமையல் எட்டரையோடு முடிந்தது என்றார்கள். அடுத்த ஊர் 40 கிலோமீட்டர். அன்றைய இரவு உணவு ஆளுக்கு இரண்டு பாக்கெட் சிப்ஸ், வேர்க்கடலை, ஒரு பாட்டில் அயர்ன் ப்ரூ. (அயர்ன் ப்ரூ ஆரஞ்சு நிறத்தில் இருக்கிற சோடா, 1901லிருந்து விற்கிறார்கள், 2018இல் சர்க்கரையைக் குறைத்தபோது பழைய பாட்டில்களைப் பதுக்கி வைத்தவர்கள் உண்டு. ருசியை விவரிக்கச் சொல்லாதீர்கள், இருமல் மருந்துக்கும் பபிள்கம்முக்கும் நடுவில் ஏதோ ஒன்று.) குளிர்காலத்தில் பல விடுதிகள் மொத்தமாகவே மூடிவிடும், போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

லாக் லோமண்ட் ஏரிக்கு வடக்கே இன்வரார்னனில் ட்ரோவர்ஸ் இன், 1705லிருந்து. மாடு ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவர்கள் தங்கிய இடம், அதுதான் பெயர். உள்ளே நுழைந்ததும் பாடம் செய்த கரடி நிற்கும். மான் தலை அநேகமாக இருக்காது என்று மேலே சொன்னேனே, அந்த அநேகமாக என்பது இந்தக் கடைக்காகத்தான். சாப்பாடு ரொம்ப நுணுக்கமானது என்று சொல்ல மாட்டேன், வயிறு நிறையும், அடுப்பில் கட்டை எரியும். கிளென்கோவில் க்ளாக்கைக் இன், மலையேறிவிட்டு வருகிறவர்கள் சேற்று பூட்ஸோடு உட்காரலாம். அங்கே வரவேற்பில் கேம்ப்பெல் குலத்தாருக்கு அனுமதியில்லை என்று ஒரு பலகை இருக்கிறது. 1692இல் கிளென்கோவில் மெக்டொனால்டு குடும்பங்களை, விருந்தாளியாகத் தங்கியிருந்த படையினரே கொன்றார்கள், தளபதி ஒரு கேம்ப்பெல். முந்நூறு வருடத்துக்கு மேலாகியும் கிண்டலில் அது ஓயவில்லை. விருந்துச் சோற்றைத் தின்றுவிட்டுச் செய்த துரோகம் என்பதால்தான் மறக்கவில்லை என்று அங்கே ஒரு பெரியவர் சொன்னார். உப்பிட்டவரை என்று நாம் சொல்வதுதான்.

சாலை வழியாக வந்து சேர முடியாத பப்பும் ஒன்று உண்டு. நாய்டார்ட் தீபகற்பத்தில் இன்வரி கிராமத்தின் ஓல்ட் ஃபோர்ஜ். மாலெய்க்கிலிருந்து படகில் போக வேண்டும், இல்லாவிட்டால் மலை தாண்டி நடக்க வேண்டும். 2022இல் அந்த ஊர்மக்களே சேர்ந்து விலைக்கு வாங்கிவிட்டார்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

பழகாதவர்களுக்குப் பப் நடைமுறை கொஞ்சம். பெரும்பாலும் மேசைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள், இடம் பிடித்து மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுண்டரில் போய்ச் சொல்லிக் காசு கட்ட வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யார் முதலில் வந்தார்கள் என்று அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும், முந்தாதீர்கள். குழாய்த் தண்ணீர் இலவசம், தயங்காமல் கேளுங்கள். குழந்தைகளை எட்டு மணி வாக்கில் கிளம்பச் சொல்கிற பப்புகள் நிறைய, சிலவற்றில் அனுமதியே இல்லை, வாசலிலேயே கேட்டுவிடுங்கள். விஸ்கி ஒரு அளவு என்றால் 25 மில்லி அல்லது 35 மில்லி, ஒரு டிராம் என்று கேட்டால் போதும். தண்ணீர் ஊற்றலாமா என்று நம் ஆட்கள் பதறுவார்கள். தாராளமாக ஊற்றலாம், கவுண்டரிலேயே குட்டிக் குடத்தில் வைத்திருப்பார்கள். கார் ஓட்டுகிறவர் தொடவே வேண்டாம். 2014 டிசம்பரிலிருந்து அங்கே வரம்பு இங்கிலாந்தைவிடக் குறைவு, 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால், இங்கிலாந்தில் 80. லண்டனில் இப்படித்தான் ஓட்டினேன் என்று சொன்னால் போலீஸ்காரர் கேட்க மாட்டார்.

தங்குகிற விடுதியில் காலை உணவு சேர்த்தி என்றால் மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முட்டை, பேக்கன், பீன்ஸ், காளான், தக்காளி, பிளாக் புட்டிங், சில இடங்களில் ஒரு துண்டு ஹேகிஸ், அதோடு டாட்டீ ஸ்கோன் என்று உருளைக்கிழங்கு மாவில் தட்டிய மெல்லிய ரொட்டி, சப்பாத்தியின் தூரத்துச் சொந்தம். சதுரமாக ஒரு சாசேஜ் இருக்கும், லார்ன் என்று பெயர், அது பெரும்பாலும் மாட்டுக்கறி, சாப்பிடாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். இனிப்புக்கு க்ரனாகன்: வறுத்த ஓட்ஸ், க்ரீம், தேன், ராஸ்பெர்ரி, ஒரு ஊற்று விஸ்கி. கோடையில் உள்ளூர் ராஸ்பெர்ரி வருகிறபோது சாப்பிடுங்கள், டிசம்பரில் வேண்டாம்.

இன்னும் ஒன்றே ஒன்று. டண்டீயிலிருந்து வடக்கே ரயிலில் கொஞ்ச தூரம், ஆர்ப்ரோத். துறைமுகத்தை ஒட்டிய சந்துகளில் வீட்டுக்குப் பின்னால் புகைக்கூடங்கள். ஹேடக் மீனைத் தலை எடுத்துச் சுத்தம் செய்து, உப்பில் வைத்து, இரண்டிரண்டாக வாலில் சணல் கட்டிக் கம்பில் தொங்கவிட்டு, கெட்டி விறகு எரிகிற பீப்பாய்க்கு மேலே வைத்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிடுவார்கள். புகையும் சூடும் ஆவியும் ஒன்றாகச் சேர்ந்து மீன் வேகும். வெளியே எடுக்கும்போது தோல் தாமிர நிறத்தில் இருக்கும். ஆர்ப்ரோத் ஸ்மோக்கி என்கிற பெயரை அந்த ஊரும் அதைச் சுற்றி எட்டு கிலோமீட்டரும்தான் பயன்படுத்தலாம், 2004இல் வாங்கிய பாதுகாப்பு. நான் ஒரு ஜோடி வாங்கினேன், காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள், சூடு காகிதத்தைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்தது. துறைமுகச் சுவரில் உட்கார்ந்து, முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் மீன் இரண்டாகத் திறந்துகொள்கிறது, நடுமுள் முழுசாக ஒரே இழுப்பில் வந்துவிடுகிறது. முள்கரண்டி இல்லை, தட்டு இல்லை. கடற்காகம் ஒன்று இரண்டடி தள்ளி நின்று என்னையே பார்த்தது.

திரும்பி வருகிற ரயிலில் கையை எவ்வளவு துடைத்தும் வாசம் போகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி பத்திரிகையைக் கீழே இறக்கி, "ஸ்மோக்கியா?" என்றார். ஆமாம் என்றேன். "எத்தனை வாங்கினீர்கள்?"

"ஒரு ஜோடி."

தலையை ஆட்டிவிட்டு மறுபடி பத்திரிகையைத் தூக்கிக்கொண்டார். "வீட்டுக்கும் ஒரு ஜோடி வாங்கியிருக்க வேண்டும்."